கணுக்கால் பிசகிய பின் டேப் போட்டு ஆடலாமா?

வாலிபாலில் கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் வலைக்கு அடியில்தான். பிளாக் போட எம்பியவர் இறங்கும் இடத்தில் எதிரணிக்காரரின் பாதம் இருக்கும். அதன் விளிம்பில் கால் பட்டதும் பாதம் உள்பக்கமாக மடங்கிவிடும். உடம்பின் மொத்த எடையும் கணுக்காலின் வெளிப்பக்கத்தில் வந்து விழும். கபடியில் ரெய்டரின் கணுக்காலை ஒருவர் பிடித்திருக்க, அவர் உடம்பைத் திருகிக்கொண்டு கோட்டை நோக்கிப் பாயும்போதும் இதே கதைதான். ஃபுட்பாலுக்கு மைதானத்தில் ஒரு சின்னக் குழி போதும்.

அதற்குப் பிறகு நடப்பதும் ஊர் ஊராக ஒரே மாதிரிதான். வீக்கம், ஐஸ், இரண்டு மூன்று நாள் நொண்டல். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட் வந்துவிடும். மெடிக்கல் ஷாப்பில் ஒரு ரோல் டேப் வாங்கி, காலைச் சுற்றி இறுக்கமாக நாலைந்து சுற்று சுற்றி, வலிக்கு ஸ்பிரே அடித்து, ஆளை உள்ளே இறக்கிவிடுவார்கள். அன்றைக்கு ஆடியும்விடுவார். ஆனால் அந்தக் கால் அடுத்த சில மாதங்களுக்குள் மறுபடி பிசகும். மூன்றாவது தடவை பிசகிய பிறகு, ‘எனக்குக் கால் வீக்குப்பா’ என்று அவரே சொல்லத் தொடங்கிவிடுவார்.

டேப் நல்ல பொருள். சரியான நாளில், சரியான விதத்தில் போட்டால் மறுபடி பிசகுவதைப் பெரிய அளவில் தடுக்கும். எந்த நாளில், எந்த விதத்தில் என்பதைத்தான் பலரும் சொல்லித் தருவதில்லை. விளையாட்டில் அதிகம் அடிபடும் மூட்டுகளில் ஒன்று என்பதால் கணுக்காலை வைத்தே விளக்குகிறேன். விரல், முழங்கால் பற்றிக் கடைசியில் கொஞ்சம்.

பிசகும்போது உள்ளே என்ன ஆகிறது?

எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கும் உறுதியான நாரைத்தான் நாம் ஜவ்வு என்கிறோம். கணுக்காலின் வெளிப்பக்கம் இப்படி மூன்று ஜவ்வுகள் உண்டு. முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று. மூன்றில் பலவீனமானது முன்னால் இருப்பது. நுனிக்காலில் இறங்கி, பாதம் உள்ளே மடங்கும்போது முதலில் இழுபடுவதும் கிழிவதும் அதுதான். வெளிக்கணுவுக்குச் சற்று முன்னால், விரலால் அழுத்தினால் சுரீரென்று வலிக்கிற இடம் இதுவே. உள்பக்க ஜவ்வு அகலமாகவும் தடிப்பாகவும் இருப்பதால் அந்தப் பக்கம் பிசகுவது அபூர்வம்.

ஜவ்வு லேசாக இழுபட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் ஆட்டத்துக்குத் திரும்பலாம். பாதி கிழிந்தால் மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். முழுதாக அறுந்துவிட்டால் மாதக்கணக்கு.

ஜவ்வு வெறும் கயிறாக மட்டும் இருந்தால் பிரச்சினை இத்தோடு முடிந்திருக்கும். அதற்குள் நுண்ணிய உணர்நரம்புகள் இருக்கின்றன. பாதம் இப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று மூளைக்கு இவை இடைவிடாமல் தகவல் அனுப்புகின்றன. கண்ணை மூடிக்கொண்டும் உங்கள் பாதம் எப்படி இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடிவது இதனால்தான். ஜவ்வு கிழியும்போது இந்தத் தகவல் தொடர்பும் கெடுகிறது. வீக்கம் வடிந்து வலி போன பிறகும் அது தானாகச் சரியாவதில்லை. ஒரு தடவை பிசகிய கால் திரும்பத் திரும்பப் பிசகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். தரையில் பட்ட கால் மடங்கி ஜவ்வு கிழிய, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூடத் தேவையில்லை. காலின் வெளிப்பக்கத் தசைகள் விழித்துக்கொண்டு இழுத்துப் பிடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். ஆகவே பாதுகாப்பு என்பது, காற்றில் இருக்கும்போதே பாதம் நேராக இருக்கிறதா என்பதில்தான் இருக்கிறது. இறங்கும் நொடியில் பாதம் சற்றே உள்ளே தொங்கிக்கொண்டிருந்தால் எவ்வளவு பலமான தசையாலும் காப்பாற்ற முடியாது.

டேப் செய்யும் வேலை

டேப்பின் முதல் வேலை முட்டுக் கொடுப்பது. காற்றுக்குச் சாயும் வாழைக்கு ஒரு பக்கம் கம்பு ஊன்றுகிறோமே, அது மாதிரி. பாதம் உள்பக்கம் மடங்கும் அந்த ஒரு திசையை மட்டும் தடுத்து, மற்ற அசைவுகளைக் கூடுமானவரை விட்டுவிட வேண்டும்.

இந்த முட்டு நீண்ட நேரம் நிற்காது என்பதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். 1962-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கணுக்காலுக்கு டேப் போட்டு பத்து நிமிடம் கடுமையாக உடற்பயிற்சி செய்யவைத்து அளந்து பார்த்தார்கள். டேப் கொடுத்த பிடிமானத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் அதற்குள் போய்விட்டிருந்தது. வியர்வையில் பசை வழுக்கும், துணி தளரும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னும் மோசம் என்று சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் டேப் வீணா? இல்லை. முன்பு ஒருமுறை பிசகிய ஆட்டக்காரர்களைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த 2010-ஆம் ஆண்டு மதிப்பாய்வு ஒன்று, டேப் போட்டவர்களுக்கு மறுபடி பிசகுவது 70 சதவீதம் அளவுக்குக் குறைந்ததாகச் சொன்னது. பத்து நிமிடத்தில் தளர்ந்துபோகும் பொருள் எப்படி ஆட்டம் முழுக்கக் காப்பாற்றுகிறது? தளர்ந்த பிறகும் பாதம் எல்லை மீறி மடங்குவதை அது ஓரளவு தடுக்கிறது. காற்றில் இருக்கும்போது பாதத்தை நேராக வைத்திருக்க உதவுகிறது. தோலில் ஒட்டியிருப்பதால், பாதம் சாயத் தொடங்கும்போதே தோல் இழுபட்டு, ஜவ்வு அனுப்ப வேண்டிய தகவலில் கொஞ்சத்தைத் தோல் அனுப்புகிறது என்ற விளக்கமும் உண்டு. அது எந்த அளவுக்கு என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை.

ஒருமுறைகூடப் பிசகாத காலுக்கு டேப்பால் கிடைக்கும் பலன் இவ்வளவு தெளிவாக இல்லை. பார்க்க நன்றாக இருக்கிறது என்று நல்ல காலுக்குச் சுற்றுவதில் பணம்தான் செலவு.

முதல் மூன்று நாள்

பிசகிய அன்று விறைப்பான டேப்பைக் காலைச் சுற்றி ஒட்டவே கூடாது. வீக்கம் அடுத்த ஒன்றிரண்டு நாளும் ஏறிக்கொண்டே இருக்கும். டேப் விரிந்து கொடுக்காது. உள்ளே ரத்த ஓட்டம் தடைபடும். இந்த நாட்களுக்கு எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கும் கிரேப் பேண்டேஜ் என்ற இழுபடும் துணிக்கட்டு போதும். விரல் பக்கத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். கீழே கொஞ்சம் இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. தூங்கப் போகும்போது தளர்த்திவிடலாம். உட்காரும்போதெல்லாம் காலை உயரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு, ஐஸ், அழுத்தம், உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978-இல் பிரபலமாக்கியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்பாடு அவரே தன் கருத்தை மாற்றிக்கொண்டார். இன்றைக்கு வலியை அடக்க முதல் நாளில் பத்துப் பதினைந்து நிமிடம், துணி சுற்றிய ஐஸ் வைப்பதில் தவறில்லை. ஆனால் வாரக்கணக்கில் காலை அசைக்காமல் வைத்திருப்பது நல்லதில்லை. வலி பொறுக்கும் அளவுக்கு மெல்ல ஊன்றி நடக்கத் தொடங்குவதே நல்லது.

எண்ணெய் போட்டு உருவிவிடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய பிடிப்புக்கு அது இதமாக இருக்கலாம். புதிதாகப் பிசகி, உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் கணுக்காலை முதல் இரண்டு மூன்று நாளில் அழுத்தி நீவினால் கசிவு கூடும். உள்ளே எலும்பில் விரிசல் விழுந்திருந்தால் நிலைமை இன்னும் கெடும். வீட்டில் பெரியவர்கள் அக்கறையோடுதான் சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

எக்ஸ்ரே தேவையா என்று எப்படித் தெரியும்? கனடாவின் ஒட்டாவா நகரில் 1992-இல் இதற்கென்றே சில விதிகளை வகுத்தார்கள். உலகம் முழுக்க அவசரப் பிரிவு மருத்துவர்கள் பயன்படுத்துவது அதைத்தான். பிசகிய உடனேயும் சரி, பிறகு மருத்துவரிடம் போன போதும் சரி, நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வெளிக்கணு அல்லது உள்கணு எலும்பின் பின்விளிம்பில், நுனியிலிருந்து 6 சென்டிமீட்டர் வரை அழுத்தினால் எலும்பின் மேலேயே வலித்தாலும் எடுக்க வேண்டும். பாதத்தின் வெளிவிளிம்பில் நடுவாக்கில், சுண்டுவிரலுக்கு நேர்பின்னே துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு மேட்டில் வலி இருந்தாலும், பாத வளைவின் மேல்பகுதியில் உள்பக்க எலும்பில் வலி இருந்தாலும் அப்படியே. சின்னப் பிள்ளைகளுக்கு வளரும் எலும்பு என்பதால் இந்த விதிகளை மட்டும் நம்பாமல் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

எந்த டேப்?

கடையில் ‘டேப்’ என்று கேட்டால் நான்கு வகைப் பொருளில் எதுவும் கைக்கு வரலாம். ஊசி போட்ட இடத்தில் ஒட்டும் மைக்ரோபோர் இதற்குப் பயன்படாது. கணுக்காலுக்கு வேண்டியது விறைப்பான ஜிங்க் ஆக்சைடு டேப். பருத்தித் துணியில் பசை தடவியது, நீளவாக்கில் இழுத்தால் துளிகூட நீளாது. 38 மில்லிமீட்டர் அகலம் பெரியவர்களின் கணுக்காலுக்குச் சரியாக இருக்கும், விரலுக்கு 12 முதல் 25 வரை. மூன்றாவது, டைனாபிளாஸ்ட் போல இழுபடும் ஒட்டுப் பேண்டேஜ். தொடை, தோள் போன்ற பெரிய தசைகளுக்கும், விறைப்பு டேப்பின் மேல் கடைசி உறையாகவும் உதவும். நான்காவது, நீலம், இளஞ்சிவப்பு, கறுப்பு நிறங்களில் வரும் கினீசியோ டேப். அதற்குத் தனியாக வருகிறேன்.

போடும் முறை

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க்கின் எலும்பு மருத்துவர் வெர்ஜில் கிப்னி கணுக்காலுக்குக் கூடை முடைவது போலப் பட்டைகளைப் பின்னி ஒட்டும் முறையை எழுதிவைத்தார். இன்றைக்கு மைதானங்களில் போடுவதெல்லாம் அதன் வழிவந்தவைதான். நான் சொல்வது தொடங்குபவர்களுக்கான எளிய வடிவம். வீக்கம் நன்றாக வடிந்த பிறகே இதைச் செய்ய வேண்டும். முதல் தடவை ஒரு பிசியோதெரபிஸ்ட் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிடுங்கள். குறிப்பாக, குதிகால் ஆடாமல் பிடிக்கும் ‘குதிகால் பூட்டு’ என்ற சுற்றை எழுத்தில் படித்து மட்டும் கற்றுக்கொள்வது கஷ்டம்.

காலைக் கழுவித் துடைத்துவிடுங்கள். ஈரம், பவுடர், எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. முடி அதிகமாக இருந்தால் முந்தின நாளே மழித்துவிடுவது நல்லது. மழித்த உடனே ஒட்டினால் எரியும். அதிகம் வியர்ப்பவர்களுக்கு டிங்சர் பென்சாயின் என்ற ஒட்டும் மருந்தை லேசாகத் தடவிக் காயவிட்டால் டேப் நழுவாது. மென்மையான தோல்காரர்கள் டேப்புக்கு அடியில் மெல்லிய நுரைச் சுற்று ஒன்றைச் சுற்றிக்கொள்ளலாம், பிடிமானம் சற்றுக் குறையும். பாதத்தின் மேல்மடிப்பிலும், பின்னால் குதிகால் தசைநாரின் மேலும் கொஞ்சம் வாசலின் தடவிச் சின்னப் பஞ்சுத் துண்டு வையுங்கள். உராய்ந்து கொப்புளம் வருகிற இரண்டு இடங்கள் அவை.

ஆளை உயரமான பெஞ்சிலோ மேசையிலோ உட்காரவைத்து, கெண்டைக்கால் நடுவிலிருந்து பாதம் வரை வெளியே நீட்டச் சொல்லுங்கள். பாதம் காலுக்கு 90 டிகிரியில், கட்டைவிரல் மேல்நோக்கி இருக்க வேண்டும். போட்டு முடிக்கும்வரை அந்தக் கோணம் மாறக் கூடாது. பாதம் தொங்கும்போது டேப் போட்டுவிட்டு நிமிர்த்தினால் மொத்த வேலையும் வீண். ஆள் அலுத்துப்போய்ப் பாதத்தைத் தளர்த்துவார். ‘கட்டைவிரல் மேலே’ என்று நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

முதலில் நங்கூரம், அதாவது மற்றப் பட்டைகளைப் பிடித்து நிறுத்தும் பட்டைகள். கெண்டைத் தசைக்குக் கீழே, கணுவுக்கு ஒரு சாண் அளவுக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் காலைச் சுற்றி இரண்டு பட்டை. இறுக்க வேண்டாம், ஒட்டினால் போதும். பாதத்தின் நடுப்பகுதியில் ஒரு பட்டை. பாதம் தரையில் ஊன்றும்போது அகலமாகும் என்பதால் இதை இன்னும் தளர்வாகப் போடுங்கள்.

அடுத்து லாடப் பட்டை. முழு முறையிலும் முக்கியமானது இதுதான். காலின் உள்பக்க நங்கூரத்தில் தொடங்கி, உள்கணுவின் மேலாகக் கீழே இறக்கி, குதிகாலுக்கு அடியில் கொண்டுபோய், வெளிப்பக்கம் மேல்நோக்கி நன்றாக இழுத்து, வெளிப்பக்க நங்கூரத்தில் ஒட்ட வேண்டும். இழுக்கும் திசைதான் உயிர்நாடி: உள்ளிருந்து வெளியே, கீழிருந்து மேலே. பாதம் உள்ளே மடங்காமல் வெளிப்பக்கமாகத் தூக்கிப் பிடிப்பது இந்த இழுப்புதான். திசையை மாற்றிப் போட்டால், பிசகும் பக்கத்துக்கே இழுத்துவிட்ட மாதிரி ஆகிவிடும். இப்படி மூன்று பட்டை, ஒவ்வொன்றும் முந்தினதைப் பாதி அகலம் மூடும்படி.

பிறகு எட்டு (8) வடிவச் சுற்று. வெளிக்கணுவின் முன்னால் தொடங்கி, பாதத்தின் மேலாகக் குறுக்கே உள்பக்கம் போய், அடிப்பாதம் வழியாக வெளிப்பக்கம் வந்து, மேல்நோக்கி இழுத்து, மறுபடி பாதத்தின் மேலே குறுக்கிட்டு, காலின் பின்புறம் சுற்றித் தொடங்கிய இடத்துக்கு வர வேண்டும். இரண்டு எட்டு போதும். அதற்கு மேல், குதிகால் இரண்டு பக்கமும் ஆடாமல் பிடிக்கும் பூட்டு. கடைசியாக, இடையில் தெரியும் தோலை மூடக் குட்டிப் பட்டைகள். தோல் தெரியும் இடைவெளிகளில்தான் பிதுங்கிக் கொப்புளம் வரும்.

ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியாகக் கிழித்து ஒட்டுங்கள். ரோலைக் கையில் வைத்துக்கொண்டு காலைச் சுற்றிச் சுற்றி வந்தால் ஒவ்வொரு சுற்றும் முந்தினதை இறுக்கிக்கொண்டே போகும். மைதானத்தில் கால் மரத்துப்போவது பெரும்பாலும் இதனால்தான். கத்தரிக்கோல் வேண்டியதில்லை. இரு கை கட்டைவிரல்களையும் பட்டையின் விளிம்பில் நெருக்கி வைத்து, விளிம்பை விறைப்பாகப் பிடித்து, எதிரெதிர்த் திசையில் வெடுக்கென்று இழுத்தால் நேராகக் கிழியும். மெதுவாக இழுத்தால் சுருண்டுகொள்ளும். பட்டை தோலில் சுருங்காமல் படிய வேண்டும்; சுருக்கம் விழுந்தால் அந்தப் பட்டையை எடுத்துவிட்டு வேறொன்று போடுங்கள்.

முடிந்ததும் கால்விரல் நகத்தை அழுத்துங்கள். வெளிறும். கையை எடுத்ததும் இரண்டு நொடிக்குள் பழைய நிறம் வர வேண்டும். பிறகு எழுந்து நிற்க, நடக்க, மெதுவாகக் குதிக்கச் சொல்லுங்கள். விரல் மரத்தாலோ, சில்லிட்டாலோ, நீலம் பாரித்தாலோ, பாதத்தின் வெளிவிளிம்பில் வலி குத்தினாலோ உடனே வெட்டி எடுத்துவிட வேண்டும். ‘ஆட ஆடச் சரியாகிவிடும்’ என்று யாரையும் விடாதீர்கள்.

வெறுங்காலோடு மண்ணில் ஆடும் கபடிக்கு இந்த முறை அவ்வளவாகப் பொருந்தாது. அடிப்பாதத்தில் டேப் இருந்தால் மண் பிடிக்காமல் வழுக்கும், சீக்கிரமே உரிந்தும் போகும். அங்கே டேப்பை விட முழுதாக ஆறும்வரை காத்திருப்பதுதான் வழி.

கழற்றுவது

ஆட்டம் முடிந்ததும் எடுத்துவிடுங்கள். விறைப்பு டேப்போடு தூங்கக் கூடாது. முனை மழுங்கிய பேண்டேஜ் கத்தரியால் உள்கணுவின் பின்பக்கப் பள்ளம் வழியாக வெட்டுங்கள். பிறகு டேப்பைத் தோலிலிருந்து மேலே பிய்க்காமல், முடி சாயும் திசையில், டேப்பைத் தோலோடு ஒட்டினாற்போல மடித்து இழுத்தபடி மறு கையால் தோலை அழுத்திப் பிடித்து விடுவிக்க வேண்டும். ஒட்டிக்கொண்டால் தேங்காய் எண்ணெய் தடவிச் சில நிமிடம் விட்டுப் பாருங்கள். சிலருக்கு டேப்பின் பசையில் இருக்கும் ரப்பரும் பிசினும் ஒத்துக்கொள்ளாது. அரிப்பும் சிவப்பும் டேப் இருந்த வடிவத்திலேயே தெரிந்தால் அந்த டேப்பை அதற்குப் பிறகு தொட வேண்டாம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், காலில் ரத்த ஓட்டக் குறைபாடு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் டேப் போடவே கூடாது. இறுக்கினாலும் அவர்களுக்குத் தெரியாது.

சரி, எப்போது ஆடலாம்?

இதற்கு நான் பிடிவாதமாகச் சொல்லும் விதி ஒன்றுதான்: டேப் இல்லாமல் செய்ய முடியாததை டேப் போட்டுச் செய்யக் கூடாது. டேப் இல்லாமல் நொண்டாமல் நடக்க வேண்டும். அடிபட்ட ஒற்றைக் காலில் நின்று குதிகாலை மற்றக் காலுக்குச் சமமாகத் தூக்கி இறக்க முடிய வேண்டும். ஒற்றைக் காலில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் தயக்கமில்லாமல் குதிக்க முடிய வேண்டும். வளைந்து வளைந்து ஓடித் திரும்ப வேண்டும். இவையெல்லாம் டேப் இல்லாமல் வந்துவிட்டால், அதற்கு மேல் டேப் போட்டு ஆட்டத்துக்குப் போகலாம். அங்கேதான் டேப்புக்கு வேலை. இவை வராத காலுக்கு டேப்பும் ஸ்பிரேயும் போட்டு இறக்குவது, உடம்பு ‘வேண்டாம்’ என்று சொல்வதைக் கேட்காமல் வாயைப் பொத்துவது. பயிற்சியாளர்களும் அணித் தலைவர்களும் தயவுசெய்து இதில் பையன்களின் பேச்சைக் கேட்காதீர்கள். இறுதி ஆட்டத்தன்று ‘நான் ஆடுவேன் அண்ணா’ என்று சொல்லாத பையன் யார்?

டேப் கொடுக்கும் இடைவெளியில் உண்மையான வேலை நடக்க வேண்டும். அது கெட்டுப்போன அந்தத் தகவல் தொடர்பைத் திரும்பப் பழக்குவது. வீக்கம் குறையும்போதே, உட்கார்ந்தபடி கட்டைவிரலால் காற்றில் அ முதல் ஔ வரை எழுதிப் பழகலாம். ‘ஊ’வும் ‘ஔ’வும் கணுக்காலை எல்லாப் பக்கமும் திருப்பிவிடும். ஊன்ற முடிந்ததும் ஒற்றைக் காலில் அரை நிமிடம் நிற்பது, பிறகு கண்ணை மூடி, பிறகு மடித்த தலையணை மேல். அப்படி நின்றபடியே சுவரில் பந்தை அடித்துப் பிடிப்பது. ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கம் தள்ளுவது. நெதர்லாந்தில் 522 ஆட்டக்காரர்களை வைத்துச் செய்து 2009-இல் வெளியான ஆய்வில், வீட்டிலேயே எட்டு வாரம் இப்படிச் சமநிலைப் பயிற்சி செய்தவர்களில் 22 சதவீதம் பேருக்கும், செய்யாதவர்களில் 33 சதவீதம் பேருக்கும் ஒரு வருடத்துக்குள் மறுபடி பிசகியது. இதற்கு ஒரு பைசா செலவில்லை.

செலவு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ரோல் விறைப்பு டேப் ஒன்றிரண்டு கணுக்காலுக்குத்தான் வரும். வாரத்துக்கு நான்கு நாள் ஆடுபவருக்கு அது கட்டுப்படியாகாது. கயிறு கட்டும் கணுக்கால் பிரேஸ் (காலில் மாட்டும் தாங்கு உறை) ஒன்று வாங்கிக்கொள்வது மேல். மறுபடி பிசகுவதைத் தடுப்பதில் பிரேஸ் டேப்புக்கு ஏறத்தாழச் சமம். தளர்ந்தால் இடைவேளையில் நீங்களே இறுக்கிக்கொள்ளலாம், துவைத்துக் காயவைக்கலாம், போடத் தெரிந்த ஆள் தேவையில்லை. கிராமத்து அணிகளுக்கு என் பரிந்துரை பிரேஸ்தான்.

வண்ண டேப்

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பீச் வாலிபால் தங்கம் வென்ற அமெரிக்காவின் கெர்ரி வால்ஷின் தோளில் கறுப்பு டேப் இருந்தது. 2012 யூரோ ஃபுட்பால் அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராகக் கோல் அடித்துச் சட்டையைக் கழற்றி நின்ற இத்தாலியின் பலோட்டெல்லியின் முதுகில் நீலப் பட்டைகள் இருந்தன. உலகமே கினீசியோ டேப்பைக் கவனித்தது அப்படித்தான். இதை 1970-களில் உருவாக்கியவர் ஜப்பானின் கென்சோ காசே. மெல்லிய பருத்தி, அக்ரிலிக் பசை. தோலைப் போலவே நீளும். மூன்று முதல் ஐந்து நாள் ஒட்டியிருக்கும், குளிக்கலாம்.

தோலைத் தூக்கி ரத்த ஓட்டத்தைக் கூட்டும், தசைக்குப் பலம் தரும் என்றெல்லாம் விளம்பரம் செய்கிறார்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் இதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்றே சொல்கிறார்கள். சிலருக்கு வலி கொஞ்சம் குறைகிறது, பெரும்பாலும் குறுகிய காலத்துக்கு. ஒட்டிக்கொள்வதால் கெடுதல் இல்லை. உங்களுக்கு இதமாக இருந்தால் போடுங்கள். நிறத்துக்கும் குணத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பிசகிய கணுக்காலைக் காக்க இதை நம்பி இறங்காதீர்கள். இழுத்தால் நீளும் பொருளால், மடங்கும் பாதத்தைத் தடுக்க முடியாது.

விரலும் முழங்காலும்

பந்து பட்டு விரல் வீங்கினால் பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டும் முறை எளிது, நல்லது. இரண்டு விரலுக்கும் நடுவில் மெல்லிய பஞ்சோ துணியோ வைத்து, மூட்டுகளுக்கு மேலும் கீழும் மட்டும் குறுகிய டேப் சுற்றுங்கள். மூட்டின் மேல் சுற்றினால் மடக்க முடியாது.

இரண்டு நிலைகளில் மட்டும் இந்த முறை கூடாது. கிரிக்கெட் பந்து விரல்நுனியில் பட்ட பிறகு, நுனி தானாக நிமிராமல் தொங்கினால், அதை நிமிர்த்தும் நார் அறுந்திருக்கலாம். ஆறு முதல் எட்டு வாரம் நுனியை ஒரு கணமும் மடங்கவிடாமல் ஸ்பிளின்ட் என்ற விறைப்பான தாங்கி போட வேண்டும். எதிராளியின் பனியனை இறுக்கிப் பிடித்தபோது வெடுக்கென்று ஒரு வலி, அதன் பிறகு நுனியை மடக்கவே முடியவில்லை என்றால், மடக்கும் நார் பிய்ந்திருக்கலாம். பெரும்பாலும் மோதிர விரலுக்கு நடக்கும். இதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படும், அதுவும் சில நாட்களுக்குள். வலி அதிகம் இல்லாததால் டேப் சுற்றிவிட்டு ஒரு மாதம் கழித்து வருபவர்கள்தான் விரலின் அசைவை இழக்கிறார்கள்.

மாடிப்படி இறங்கும்போது முழங்கால் சில்லுக்குப் பின்னால் வலிப்பவர்களுக்கு, சில்லை உள்பக்கமாக நகர்த்தி ஒட்டும் முறை ஒன்று உண்டு. ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் ஜென்னி மெக்கனல் 1980-களில் கொண்டுவந்தது. தொடைப் பயிற்சிகளை வலியில்லாமல் செய்ய அது உதவும். இதைப் பிசியோ போட்டுக் காட்டிய பிறகே வீட்டில் செய்ய வேண்டும்.

டேப்பை எப்போது விடுவது?

பிசகிய பிறகு முதல் ஒரு வருடம் மறுபடி பிசகும் ஆபத்து அதிகம். ஆகவே ஆட்டங்களில் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை டேப்போ பிரேஸோ போடுவது நியாயமே. பயிற்சியில் முதலில் விடுங்கள். தனியாகச் செய்யும் பயிற்சி, பிறகு இருவர் மூவர் சேர்ந்து, பிறகு முழு ஆட்டப் பயிற்சி என்று. போட்டியில் கடைசியாக விடலாம். ஒற்றைக் கால் பயிற்சியை மட்டும் விட வேண்டாம். பல் தேய்க்கும்போது நின்றுகொண்டே செய்துவிடலாம். இவ்வளவும் செய்து ஆறு வாரம் கழித்தும் சமதரையில் நடக்கும்போதே கால் சட்டென்று விட்டுப்போனாலோ, தினமும் மாலையில் வீங்கினாலோ, மூட்டுக்குள் ஏதோ சிக்கிக்கொள்வது போல இருந்தாலோ, டேப்பை மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்காமல் எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.